பல்மேரியா பட்டினி கிடந்த இரண்டு நாள்

பல்மேரியாவைப் பற்றி மடத்துத் துறவி ஜில்யோ சகோதரர் எழுதிய புத்தகம் எங்கள் கோவிலில் இருக்கிறது. ஆட்டுத்தோலில், ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் எழுத்தைச் சிவப்பு மையில் போட்டு, அழகாகத்தான் எழுதியிருக்கிறார். அவள் பிறந்தபோது அறை முழுக்க ரோஜா வாசம் வீசியதாம். அவள் பிறந்தது கோவேறுகழுதைக் கொட்டடிக்கு மேலே இருந்த பரணில். அங்கே என்ன வாசம் வீசியிருக்கும் என்று எங்கள் ஊர் ரொக்காமேலாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்துநான்கு வருஷம் அவளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அதனால் என் பங்குக்கு நானும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேளுங்கள்.

பல்மேரியா நல்ல உயரம், நல்ல தோள். ஊர் வாசலை ஒட்டிய சத்திரத்தில் ரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகர்களின் படுக்கைத் துணிகளைத் துவைத்தாள். ஈரத்துணியை மலைபோலக் குவித்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே மேடேறுவாள். பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அவளுக்குத் தொண்டை இருந்ததே தவிர ராகம் இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசுவாள். துணியை அடித்துத் துவைத்துக்கொண்டே, "என்னப்பா, கேக்குதா? இன்னிக்கு முதுகு ஒடியுது, பாத்துக்க" என்பாள். பதில் வந்த மாதிரி தலையை ஆட்டுவாள். ஊரில் பாதிப் பேர் அவளைப் பாதிக் கிறுக்கு என்றார்கள். மீதிப் பேர் முழுக் கிறுக்கு என்றார்கள்.

காய்ச்சல் வருஷத்தில் சத்திரம் நிறைய யாத்திரிகர்கள் விழுந்து கிடந்தார்கள். சத்திரக்காரனே ஓடிவிட்டான். இவள் மட்டும் இருந்து கழுவித் துடைத்துக் கஞ்சி ஊற்றினாள். ஏழு பேர் இவள் மடியில் உயிர் விட்டார்கள். அதன்பிறகு ஒரு வருஷம் அவள் பாடவே இல்லை. பிறகு ஒருநாள் பங்குச்சாமி குவிதோவிடம் போய், "என்னைச் சுவத்துக்குள்ள வச்சுக் கட்டிருங்க சாமி, நான் உள்ள இருந்து இவங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்றாளாம். கோவில் சுவரோடு ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. முன்காலத்தில் அப்படி ஒரு தவசி இருந்த இடம். அப்போது அதில் வெள்ளாடு கட்டியிருந்தார்கள். புழுக்கையை அவளே கூட்டி அள்ளினாள்.

அவளை உள்ளே வைத்துக் கட்டிய நாளில் எனக்குப் பதினெட்டு வயது, கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் நின்றேன். உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவுப்பூசை வைத்தார்கள். அதுதான் முறை. கறுப்புத் துணியில் அவள் நீட்டிப் படுத்துக்கொண்டாள். குவிதோ சாமி இறந்தவர்களுக்கான மன்றாட்டெல்லாம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, அவள் மேல் சாம்பலும் ஒரு பிடி மண்ணும் போட்டார். சாம்பல் மூக்கில் ஏறி அவள் பெரிய தும்மலாகத் தும்மினாள். எல்லோரும் சிரித்துவிட்டோம், அழுதுகொண்டிருந்த அவள் அம்மாவும் சிரித்தாள். பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். கொத்தனார் வாசலைக் கல்வைத்து அடைத்தார். பூசை பார்க்கக் கோவில் பக்கம் ஒரு சிறு திறப்பு, ரொட்டி வாங்கத் தெருப்பக்கம் ஒரு ஜாண் ஜன்னல், அதற்கு ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் உலகத்துக்குச் செத்தவள்.

முதல் வருஷம் ரொட்டி கொண்டுபோக ஊரே போட்டி போட்டது. மூன்றாம் வருஷம் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. அந்த வருஷம்தான் நான் கோவேறுகழுதை ஓட்டும் மேயோவைக் கட்டிக்கொண்டு, அந்தச் சுவரை ஒட்டிய வீட்டுக்கு வந்தேன். பக்தியில் போனேன் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீடு என்பதால் என் தலையில் விழுந்தது. காலையில் பொது அடுப்பிலிருந்து வரும் ரொட்டியில் ஒன்று, சில நாள் கொஞ்சம் கொண்டைக்கடலைக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு ஆட்டுப் பாலாடைக்கட்டி. இவ்வளவும் கொடுத்தால் அவள், "என்னடி இது, கல்லா ரொட்டியா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் அந்தக் காலை நேரங்கள் எனக்குப் பிடித்திருந்தன. எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது. விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிறைந்து, ஊர் மட்டும் மேலே தனியாக மிதக்கும். கீழே ஆடு கத்தும், ஆனால் ஆடு தெரியாது. யாரோ சிரிப்பார்கள், ஆள் தெரியாது. அந்த வேளையில் நான் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து நிற்பேன். அவள் உள்ளேயிருந்து ராத்திரி கண்ட கனவைச் சொல்வாள். அவள் அறை குறுக்கே நாலு எட்டு. கனவில் மட்டும் அவள் நடந்துகொண்டே இருப்பாள்.

"நூத்தா, இன்னிக்குக் கடல் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"செருப்பு போட்டுக்கிட்டா?"

"வெறுங்கால்தான்."

"அதான் காலு வலிக்குதுன்னு முனகுறியாக்கும்."

"ஆமாடி. திரும்பி வர்ற வழியில ஒரு ஆலிவ் தோப்பு. ஒவ்வொரு மரத்தடியிலயும் சத்திரத்துல செத்துப்போனாங்களே, அவங்கள்ல ஒருத்தர் உக்காந்திருக்காங்க. நல்லா இருக்கியான்னு கேக்குறாங்க. நான் ஒவ்வொருத்தரா நின்னு பதில் சொல்லிட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு."

"அடுப்புல பாலு பொங்குது அக்கா, நான் வரேன்" என்பேன். போகமாட்டேன். பனி கலைந்து கீழே ஆறு தெரியும் வரை நின்றுகொண்டே இருப்பேன்.

எனக்கு நாலு பிள்ளைகள். மூன்று பேர் கோவில் பின்புறம் மண்ணுக்குள் இருக்கிறார்கள். நாலாவது ஃபியோரே. ரொட்டி கொண்டுபோகும்போது அவளும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வருவாள். பல்மேரியாவை ஜன்னல் அத்தை என்று கூப்பிடுவாள். திரைக்குள் விரலை நீட்டுவாள், உள்ளேயிருந்து அவள் பிடித்து ஆட்டுவாள். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது நடந்தபோது, நவம்பர் மாதம், காய்ச்சல் வந்தது. மூத்தவன் போனதும் அதே காய்ச்சலில்தான். மூன்று நாள் நான் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. ரொட்டியைக் கொண்டுபோகச் சொல்லி எதிர்வீட்டுப் பெர்த்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மூடுபனி மேட்டுக்கே ஏறிவிட்டது. என் வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. பெர்த்தா ஜன்னலுக்குப் போனபோது முந்தின நாள் ரொட்டி வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள், பதில் இல்லை. "ஐயோ, பல்மேரியா போயிட்டாளே!" என்று அவள் போட்ட கூச்சலில் மணியடிக்கிற கோவில்பிள்ளை பதறிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். பனியில் கோபுரமும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை. மணிச் சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற மடத்திலும் கேட்டு, அவர்களும் அடித்தார்கள். புனிதர் ஒருவர் இறந்தால் மணி தானாக அடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். "தானா அடிக்குது! தானா அடிக்குது!" என்று தெருவெல்லாம் ஒரே ஓட்டம். ஆளுக்கொரு கத்தி. எதற்கா? புனிதையின் துணியில் ஒரு துண்டாவது கிடைக்கவேண்டாமா?

எனக்கும் கேட்டது. ஃபியோரேயின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு முடியாவிட்டால் உச்சந்தலை முதல் குதிகால் வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி அத்தனை நீளத்துக்கு மெழுகுதிரி வார்த்து ஒரு புனிதருக்கு நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் நான் பெரிய பெரிய புனிதர்களுக்கெல்லாம் அளந்து பார்த்துவிட்டேன். அவர்களுக்கு ஆயிரம் வேலை. பல்மேரியா இப்போதுதான் மேலே போயிருக்கிறாள். இன்னும் யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். நான்தான் முதல் ஆள். அவசர அவசரமாக நூலை எடுத்து அளந்தேன். "புனித பல்மேரியாவே, எம்புள்ளய விட்டுரு, இந்த அளவுக்கு ஒனக்குத் திரி கொளுத்துறேன்" என்றேன். நூலை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தேன். பிள்ளையின் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. சாயங்காலம் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நான் நூலை அளந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே அவள் அறை வாசல் கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். பொது அடுப்புக்காரர் பெண்டாட்டி ஜன்னல் திரையில் பாதியை அறுத்து இடுப்பில் செருகிவிட்டாள். இரண்டு கல் விழுந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

"யாருடா அது செவுத்த இடிக்கிறது? கூரை ஒழுகுதுன்னு மூணு வருஷமா கத்துறேன், அப்பல்லாம் ஒருத்தனும் எட்டிப் பாக்கல!"

அவளுக்கும் காய்ச்சல். இரண்டு நாளாக அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறாள். ஊரே அசடு வழிந்து நின்றது. கத்தியெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தது.

ஊருக்கு அது சிரிப்பு. எனக்குத்தான் சிக்கல். நான் மெழுகு வாங்கி, ஃபியோரேயின் நீளத்துக்குத் திரி வார்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். குவிதோ சாமி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"உசுரோட இருக்கிறவளுக்கு நேர்ந்துக்க முடியாதும்மா. அது நேர்த்தியே இல்ல. செல்லாது."

"ஏன் செல்லாது சாமி? நீங்கதான அவளுக்குச் சாவுப்பூசை வச்சீங்க? மண்ணு போட்டீங்க. நான் கண்ணால பாத்தேனே."

"அது வேற சாவு."

"சாவுல எத்தன தினுசு சாமி இருக்கு? எனக்கு ஒண்ணுதான் தெரியும். மூணு தடவ பாத்திருக்கேன்."

அவர் முகம் சிவந்துபோனது. நல்ல மனிதர், பாவம். "வேற யாராவது புனிதருக்கு மாத்தி நேர்ந்துக்க" என்றார். மாற்றி நேர்ந்துகொண்டு, உயிரைக் கொடுத்தவள் கோபித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டால்? நான் மாட்டேன் என்றுவிட்டேன். திரியை வீட்டுக்குக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினேன்.

பல்மேரியாவிடமும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் என்னடி செஞ்சேன்? கெடந்து தூங்கினேன். நடந்துக்கிட்டே இருந்த மாதிரி கனவு. ஒரு சின்னப் புள்ள என் கையப் புடிச்சுக்கிட்டு கூடவே வந்துச்சு. ஆத்தங்கரை வந்ததும், இதுக்கு மேல வராத, வீட்டுக்குப் போன்னேன். போயிருச்சு."

"எந்தப் புள்ள அக்கா?"

"மொகத்தப் பாக்கல. கை மட்டும் சுட்டுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளோ அடுத்த நிமிஷமே ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரியில் காய்ச்சல் திரும்பி வந்தது.

அந்த வருஷம் விழுந்த பனியைப் போல நான் பார்த்ததில்லை. மேயோ கழுதைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். வெளியே வெள்ளை, சத்தமே இல்லை. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தேன். உத்தரத்தில் அந்தத் திரி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அது பிள்ளையின் நீளம் என்பதுதான் மனதில் ஓடியது. எதிர்வீட்டுப் பெர்த்தா வந்து எட்டிப்பார்த்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "செலுத்தாத நேர்த்திய வீட்டுல வச்சிருந்தா இப்பிடித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பல்மேரியா உண்மையிலேயே செத்துவிட்டால் என் நேர்த்தி செல்லும். செல்லுபடியானால் என் பிள்ளை பிழைக்கும். எங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்த எண்ணமில்லை இது. நேராக வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டது. பதினெட்டு வருஷமாக அவள் சாவுக்குத்தானே காத்திருக்கிறாள்? அவளுக்கும் அது நல்லதுதானே? இப்படியெல்லாம் நியாயம் பேசியது.

அன்று காலை நான் ரொட்டி கொண்டுபோகவில்லை.

பனி முழங்காலுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னல் என் வாசலிலிருந்து முப்பது அடி. நான் அவளை எதுவும் செய்யவில்லை, போகவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். பெர்த்தா வாசலிலிருந்து, "அவளுக்கு ரொட்டி குடுத்துட்டியாடி? இல்லன்னா நான் போறேன்" என்று கேட்டாள். "குடுத்துட்டேன்" என்றேன். வாய் கூசவே இல்லை. மறுநாளும் கேட்டாள். மறுநாளும் குடுத்துட்டேன் என்றேன். அந்த இரண்டு நாளும் நான் காதைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்குமா, அடிக்குமா என்று. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், அது அடிக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஃபியோரே கண்ணைத் திறந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அம்மா, ஜன்னல் அத்தைக்கு ரொட்டி குடுத்தியா?"

பெர்த்தாவிடம் வழுக்கிக்கொண்டு வந்த பொய் பிள்ளையிடம் வரவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு தலையில் துணிகூடப் போடாமல் ஓடினேன். பனியில் இரண்டு தடவை விழுந்து எழுந்தேன். ஜன்னல் திரையில் பனி உறைந்து விறைத்திருந்தது. கூப்பிட எனக்குப் பயம். பதில் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

"அக்கா, உள்ள இருக்கியா?"

"எங்கடி போவேன்?"

குரல் தரையிலிருந்து வந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லை போல. நான் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, பனியால இல்ல. நான் வேணும்னுதான் வரல. நீ செத்துட்டா எம்புள்ள பொழச்சிக்கும்னு நெனச்சேன். பெர்த்தா வரேன்னா, அவளையும் பொய் சொல்லித் தடுத்துட்டேன்."

உள்ளே அவள் சுவரோரமாக ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. "ஃபியோரே எப்பிடி இருக்கா?" என்றாள்.

"கொதிக்குது அக்கா."

"ரொட்டி வச்சிருக்கியா?"

திரைக்குள் கையை விட்டேன். அவள் வாங்கவில்லை, பிடுங்கினாள். அவள் தின்ற சத்தம் எனக்குக் கேட்டது. ஏழு பேரை மடியில் போட்டுக் கஞ்சி ஊற்றியவள், கொலைப்பசியில் நாயைப்போலத் தின்றாள். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ள எனக்கென்ன உரிமை? தின்று முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பேசினாள்.

"அந்தத் திரியக் கொண்டா."

"சாமி கூடாதுன்னாரே."

"எனக்கு நேர்ந்த திரிதான? நான் எடுத்து ஆண்டவருக்குக் குடுத்துடுறேன். சாமி கேட்டா நான் பாத்துக்கறேன். போடி, புள்ள தனியா கெடக்கும்."

திரியைக் கொண்டுபோய் ஜன்னல் வழியே விட்டேன். நீளமான திரி, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் திரையின் ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே சிலுவை ஒன்று மாட்டியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். "என்னப்பா, கேக்குதா?" என்று அவள் ஆரம்பித்தாள். மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை.

ஃபியோரே அன்று குணமாகவில்லை. மறுநாளும் இல்லை. திரி எரிந்து தீர்ந்தும்கூடக் குணமாகவில்லை. ஒன்பதாம் நாள்தான் காய்ச்சல் விட்டது. புத்தகத்தில் உடனே விட்டதாக இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

பனி உருகியதும் குவிதோ சாமி ஜன்னலுக்குப் போய் அவளிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கூப்பிடுவார், இதோ ஊர் நடுவில் நிற்கவைப்பார் என்று. அவர் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது, "பனியிலயும் விடாம அவளப் பாத்துக்கிட்டியேம்மா, ஆண்டவர் ஒன்ன ஆசீர்வதிப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெரியாமல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஜன்னலில் நின்றேன். அவள் வழக்கம்போல, "நேத்து ஒரு பாலத்துல நடந்தேன்டி, முடியவே இல்ல" என்று ஆரம்பித்தாள். அந்த இரண்டு நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பக்தியில் போகவில்லை என்றேனே, அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒருநாள்கூட நான் தவறவில்லை. ரொட்டியைத் தலைத்துணியில் பொதிந்து சுடச்சுடக் கொண்டுபோனேன். அப்போதும் கல் என்றுதான் சொன்னாள்.

ஒரு மே மாதம், மூடுபனியே இல்லாத காலையில், அவள் போய்ச் சேர்ந்தாள். கல்லைப் பெயர்த்து நான் உள்ளே போய் அவள் மார்பில் கைவைத்துப் பார்க்கும் வரை யாரையும் மணியடிக்க விடவில்லை. அந்தப் பெரிய உடம்பு ஒரு சிறுமியின் அளவுக்கு வந்திருந்தது. நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன்.

பிறகுதான் ஜில்யோ சகோதரர் மைக்கூட்டோடு வந்தார். யார் யாருக்கு என்ன நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டார். எனக்கும் அந்த நவம்பர் கதையைச் சொல்லத் தெரிந்தது. ஆனால் அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எனக்கு இந்த ஊரில் வாய்க்காரி என்று பெயர். அன்று ஊமையாக இருந்தேன்.

போன மாதம் அவள் திருநாளில், பூசை முடிந்து, சகோதரர் லத்தீனில் இருந்த புத்தகத்தைத் திறந்து நமக்குப் புரிகிற பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தார். ரோஜா வாசம், தானாக அடித்த மணி, எல்லாம் வந்தது. என் பக்கத்தில் ஃபியோரே, அவள் கையில் அவள் பிள்ளை. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போது அவர் வாசித்தார்:

"பெரும்பனி விழுந்த காலத்தில், அயல்வீட்டுக் குழந்தை ஒன்று சாகக் கிடந்தது. அந்தக் குழந்தைக்காகப் பல்மேரியா தன் மனம் விரும்பி இரண்டு நாள் முழுக்க ஒன்றும் உண்ணாமல் தவமிருந்தாள். ரொட்டி வரவில்லையா என்று பங்குக்குரு கேட்டபோது, வந்துகொண்டுதான் இருந்தது சாமி, நான்தான் நோன்பிருந்தேன் என்று அவளே தன் வாயால் சொன்னாள்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் பொய் சொல்லியிருக்கிறாள். இல்லை, அங்கே தரையில் கிடந்தபடி, ஏன் ரொட்டி வரவில்லை என்று அவளுக்குப் புரிந்து, அந்தப் பசியை அப்படியே எடுத்து என் பிள்ளைக்காகக் கொடுத்துவிட்டாளோ என்னவோ. எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி ஆள் இல்லை.

ஃபியோரே கண் கலங்கி என் பக்கம் சாய்ந்தாள். "எனக்காகவா அம்மா பட்டினி கெடந்தாங்க?"

"அவளாக் கெடக்கலடி. நான் போட்டேன். நான்தான் அவளப் பட்டினி போட்டேன்."

"ஷ்ஷ். கோவில்லயாவது சும்மா இரும்மா. அவங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொன்னா ஒனக்குப் பொறுக்காதே" என்று என் கையில் செல்லமாக ஒரு அடி கொடுத்தாள்.

எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். புனித பல்மேரியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கோவில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. நானும் முழங்காலில் நின்றேன். எனக்கு அது வாயில் வரவில்லை. எதையாவது வேண்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. அவளிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் தோன்றியது. அக்கா, அந்த ரெண்டு நாளும் ரொம்பப் பசிச்சுதா?